தொடர்வதா, நிறுத்துவதா?

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

     

இம்மேடையில் ஆண்டுதோறும் புலவர் பெருமக்கள் பேசக் கேட்டிருக்கின்றோம். சிலம்பின் சிறப்பையும் குறளின் பெருமையையும் அவர்கள் வாயிலாகக் கேட்டு மகிழ்ந்திருக்கின்றோம். அத்தகைய மேடையில், பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு, இரயில்வே அலுவலகத்தில் கோப்புகளைப் புரட்டிக்கொண்டிருக்கும் ஒரு குமாஸ்தாவைப் பேசப் பணித்திருக்கின்றீர்கள். "எதைப் பற்றிப் பேசுவது ஐயா?" என்று செயலாளர் அவர்களைக் கேட்டேன். "உங்கள் மனத்தில் இப்பொழுது எது உறுத்திக்கொண்டிருக்கின்றதோ அதைப் பற்றியே பேசுங்கள்" என்றார். ஆதலின் புலமை பேசாமல் உறுத்தலையே பேச வந்திருக்கின்றேன்.

என்னை உறுத்திய கேள்வி இதுதான். பிறர் துன்பத்தைக் கேட்டு அவர்களைத் தெளிவுறச் செய்யும் பணிக்காக ஓராண்டுப் பயிற்சி ஒன்றில் சேர்ந்தேன். பாதி முடிந்திருக்கின்றது. மீதியைத் தொடர்வதா, இத்துடன் நிறுத்துவதா?

இந்தப் பணிக்கு ஆங்கிலத்தில் கவுன்சலிங் என்று பெயர். தமிழ்நாட்டுப் பெற்றோர்க்கு அச்சொல்லைக் கேட்டவுடன் பொறியியல் கல்லூரியில் இடம் ஒதுக்கும் நாள்தான் நினைவுக்கு வரும். எங்கள் இரயில்வேயிலோ, வண்டி ஓட்டுநர்களுக்கு மேற்பார்வையாளர்கள் பாதுகாப்பு விதிகளை எடுத்துச் சொல்வதற்கும் அதுவே பெயர். இலங்கைத் தமிழர் 'உளவளத்துணை' என்று அழகாகச் சொல்கின்றனர். தமிழகத்தில் 'ஆற்றுப்படுத்துதல்' என்ற சொல்லும் வழங்குகின்றது. அச்சொல்லுக்குப் பின்னர் வருகின்றேன்.

நான் ஏன் சேர்ந்தேன் என்பதை முதலில் கூறவேண்டும். என் மேசைக்கு வரும் தாள்களில் ஒருவகை உண்டு. பணியில் இருக்கும்போதே காலமான ஊழியரின் குடும்பத்தார் கொண்டுவரும் ஓய்வூதியப் பாரங்கள் அவை. கணவனை இழந்த அம்மையார் ஒருவர் வருவார். கையெழுத்திடப் பேனாவை வாங்குவார். எழுதாமல் அழத் தொடங்குவார். எந்தப் பாரத்தோடு எந்தச் சான்றிதழை இணைப்பது என்பது எனக்கு நன்கு தெரியும். அழுகின்ற ஒருவரிடம் என்ன சொல்வது, எதைச் சொல்லாதிருப்பது என்பது மட்டும் தெரியாது. "அழாதீர்கள் அம்மா, இங்கே ஒரு கையெழுத்து" என்று சொல்லியே இருபது ஆண்டுகளைக் கழித்துவிட்டேன்.

இந்நிலையில் நகரில் தொண்டு நிறுவனம் ஒன்று ஞாயிறுதோறும் இப்பயிற்சியை அளிப்பதாக அறிந்தேன். நம் பொம்மசந்திராவிலிருந்து ஞாயிறுதோறும் நகருக்குச் சென்று திரும்புவதென்றால், முன்பெல்லாம் ஓசூர் சாலையில் சில்க் போர்டு சந்திப்பில் தவம் கிடக்கவேண்டும். அதையே சாக்காகச் சொல்லிக்கொண்டிருந்தேன். 2025ஆம் ஆண்டு ஆகஸ்டு 10ஆம் நாள் மெட்ரோவின் மஞ்சள் வழி திறக்கப்பட்டது. பொம்மசந்திராவில் ஏறினால் பதினாறாவது நிலையமான ஆர்.வி. ரோட்டில் இறங்கலாம். அவ்வண்டி வந்ததும் என் சாக்குப் போயிற்று. நானும் போய்ச் சேர்ந்துவிட்டேன்.

மூன்று திங்கள் கழிந்தன. கற்றவை கொஞ்சம், கற்றுவிட்டோம் என்ற எண்ணமோ மலையளவு. அந்த வேளையில்தான் அந்த நிகழ்ச்சி நடந்தது. அதில் தொடர்புடைய இளைஞனின் இசைவைப் பெற்றே இதனைச் சொல்கின்றேன். அவன் யாரென்று தெரியாதிருக்கும்பொருட்டுச் சில விவரங்களை மாற்றியும் இருக்கின்றேன்.

தொழிற்பேட்டையில் ஒப்பந்த வேலை பார்க்கும் பிள்ளைகள் சிலர் சேர்ந்து ஓர் அறையில் குடியிருந்தனர். அவர்களுள் ஒருவன் ஓர் இரவு என் கதவைத் தட்டினான். "அண்ணா, உங்களிடம் கொஞ்சம் பேச வேண்டும்" என்றான். உட்காரச் சொன்னேன். வேலை போய்விட்டதென்றான். ஊருக்குச் செய்தி சொல்லவில்லை என்றான். அவ்வளவுதான் அவன் சொன்னது. மீதி ஒரு மணி நேரமும் பேசியவன் நான்.

தைரியம் சொன்னேன். இரு கால்களும் இல்லாதவர்கள் உழைத்து முன்னேறிய கதைகளைச் சொன்னேன். ஊருக்குப் போய்த் தந்தையின் காலில் விழு என்றேன். வகுப்பில் புதிதாகக் கற்ற இரண்டு சொற்களையும் இடையே செருகினேன். "சரிங்க அண்ணா" என்று எழுந்து போய்விட்டான். நான் பெருமிதத்தோடு உறங்கச் சென்றேன்.

பல நாட்கள் கழித்து உண்மை தெரிந்தது. வேலை போனதைச் சொல்ல அவன் வரவில்லை. பல வாரங்களாக உறக்கமில்லை. உயிரோடு இருந்து என்ன பயன் என்ற எண்ணம் ஓயாமல் வருகின்றது. அதை யாரிடமாவது சொல்லிவிட வேண்டும் என்றுதான் வந்தான். வேலை போனது அதற்கு முன்னுரை. முன்னுரையைக் கேட்டவுடனே நான் நூல் முழுவதற்கும் உரை எழுதிவிட்டேன்!

அவனைக் காத்தவன் அவனோடு அறையில் தங்கியிருந்த இன்னொரு பிள்ளை. என்னைப் போல் வகுப்புக்குப் போனவனல்லன். நண்பன் முகம் சரியில்லை என்று கண்டான். "என்னடா, எனக்குச் சொல்ல மாட்டாயா?" என்று கேட்டுவிட்டு, வாய்மூடி இருந்தான். அவன் சொல்லி முடிக்க நள்ளிரவு தாண்டிற்று. அந்த இரவு முழுதும் பக்கத்திலேயே அமர்ந்திருந்தான். விடிந்ததும் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று, தன் ஒரு நாள் கூலியை இழந்து, மருத்துவர் அறை வாயிலில் காத்திருந்தான். இன்று அந்த இளைஞன் நலமாக இருக்கின்றான்; வேறொரு தொழிற்சாலையில் வேலைக்கும் போகின்றான்.

இரயில்வே நண்பர்கள் இங்கே பலர் இருக்கின்றீர்கள். அடுத்த நிலையம் 'லைன் கிளியர்' கொடுக்காமல் ஒரு வண்டியையும் அனுப்பலாகாது என்பது நமக்கு அரிச்சுவடி. நானோ எதிர்ப்புறத்தில் பாதை திறந்திருக்கின்றதா என்று கேளாமலே, வண்டிக்குப் பின் வண்டியாக அறிவுரைகளை அனுப்பிக்கொண்டிருந்தேன். மோதல் நேராதது என் திறமையால் அன்று.

செய்தி தெரிந்த ஞாயிறன்று பயிற்சி ஆசிரியையிடம் சென்றேன். "அம்மா, நான் நின்றுவிடுகின்றேன். ஒன்றும் பயிலாத பிள்ளை செய்ததை மூன்று மாதம் பயின்ற நான் செய்யவில்லை. எனக்கு இது தகாது" என்றேன். அவர் என்னைத் தேற்றவில்லை. சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "நீங்கள் வகுப்பிலிருந்து நின்றுவிட்டால், உங்கள் கதவைத் தட்டுகின்றவர்கள் தட்டாமல் நின்றுவிடுவார்களா?"

அக்கேள்விக்கு அன்று என்னிடம் விடையில்லை. அதை வைத்துக்கொண்டு பல நாட்கள் எண்ணினேன். நிறுத்துவதற்குக் காரணங்களாக என் மனத்தில் இருந்தவை மூன்று. அவற்றை ஒவ்வொன்றாக உங்கள் முன் வைக்கின்றேன்.

முதலாவது, என் படிப்பு. உளவியலில் பட்டம் பெற்றோர் செய்யவேண்டிய பணியில் பத்தாம் வகுப்புக்காரனுக்கு என்ன வேலை என்ற எண்ணம். இது வெறும் தாழ்வு மனப்பான்மை அன்று, நியாயமான கேள்வி. மருத்துவ உளவியலாளர் என்று தொழில் புரிய முறையான உயர்கல்வியும் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின் பதிவும் வேண்டும். மருந்து கொடுப்பது மனநல மருத்துவரின் உரிமை. அவ்விடத்தில் நாம் கால் வைக்கலாகாது.

ஆனால் அத்தகைய வல்லுநர் எத்தனை பேர்? நம் நாட்டில் இலட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை. நம் நகரின் நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16ஆம் ஆண்டுகளில் 12 மாநிலங்களில் தேசிய மனநல ஆய்வை நடத்திற்று. மனநலக் குறையுள்ளோரில், குறையின் வகைக்கேற்ப, நூற்றுக்கு 70 முதல் 92 பேர் வரை எவ்விதச் சிகிச்சையும் பெறவில்லை என்று அது கண்டது. 2022ஆம் ஆண்டில் மட்டும் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டோர் 1,70,924 பேர் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் கணக்குக் காட்டுகின்றது. அவர்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ 32 பேருக்குக் காரணமாகக் குறிக்கப்பட்டிருப்பது குடும்பச் சிக்கல். குடும்பச் சிக்கலை மக்கள் முதலில் எடுத்துச் செல்லும் இடம் எது? மருத்துவமனையா? அன்று. பக்கத்து வீடு, அலுவலக மேசை, கோயில் திண்ணை. அங்கே இருப்பவர்கள் நம்மைப் போன்றவர்கள்தாமே!

இதை அறிந்தோர் நெடுங்காலத்துக்கு முன்பே ஒரு வழி கண்டனர். அது தொடங்கிய இடங்களுள் ஒன்று நமக்கு மிக அருகில் உள்ளது என்பதை எண்ணிப் பெருமைப்படலாம். நம் பொம்மசந்திரா அடங்கிய இதே ஆனேக்கல் தாலுக்காவில், பன்னேருகட்டாவை அடுத்துச் சகலவாரா என்னும் சிற்றூர் இருக்கின்றது. 1975ஆம் ஆண்டு நிம்ஹான்ஸ் தன் சமுதாய மனநலப் பிரிவைத் தொடங்கி, அவ்வூரைத் தன் ஆய்வுக் களமாகக் கொண்டது. ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்களுக்கும், வீடு வீடாகச் செல்லும் சுகாதாரப் பணியாளர்களுக்கும் மனநோயின் அறிகுறிகளை இனங்காணக் கற்பித்தால் என்ன என்று அங்கே முயன்று பார்த்தனர். அதே காலத்தில் சண்டிகரை அடுத்த ராய்ப்பூர் ராணியிலும் இத்தகைய முயற்சி நடந்தது. இவ்விரு முயற்சிகளின் பயனும் சேர்ந்தே 1982ஆம் ஆண்டு தேசிய மனநலத் திட்டம் உருவாக வழிவகுத்தது. சகலவாராவுக்கு அருகில் குடியிருந்துகொண்டு, 'இது நம்மைப் போன்றோர்க்கு உரியதன்று' என்று சொல்ல எனக்கு நாணமாயிற்று.

அடுத்து, கோவா மாநிலத்தில் நடந்ததைக் கேளுங்கள். சங்காத் என்னும் அமைப்பு 1996 முதல் அங்கே பணியாற்றுகின்றது. மனநலத் துறையில் தொழிற்கல்வி பெறாத உள்ளூர் மக்களுக்குப் பயிற்சி அளித்து, கடும் மனச்சோர்வால் வருந்தியவர்களோடு பேச வைத்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஆறு முதல் எட்டு அமர்வுகள். மொத்தம் 495 பேர் இந்த ஆய்வில் பங்கு கொண்டனர். மூன்று திங்கள் கழித்துப் பார்த்தபோது, வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றோரில் நூற்றுக்கு 39 பேர் நலமடைந்திருந்தனர். இவர்களோடும் பேசியவர்களில் நூற்றுக்கு 64 பேர் நலமடைந்திருந்தனர். லான்செட் என்னும் புகழ்பெற்ற மருத்துவ இதழில் 2017ஆம் ஆண்டு இது வெளியாயிற்று.

இதைப் படித்தவுடன் துள்ளிக் குதித்தேன். 'ஆகா! பட்டம் வேண்டியதில்லை' என்று. பிறகு பொறுமையாக முழுவதும் படித்தேன். அப்போதுதான் அதன் உயிர்நிலை எங்கே இருக்கின்றதென்று தெரிந்தது. அந்தத் தொண்டர்கள் தம் மனம் போனபடி பேசவில்லை. எதைச் செய்வது என்று வரையறுக்கப்பட்ட முறை இருந்தது. தாம் நடத்திய அமர்வுகளைப் பதிவு செய்து, குழுவாக அமர்ந்து கேட்டு, ஒருவர் குறையை மற்றவர் சுட்டிக்காட்டித் திருத்திக்கொண்டனர். அவர்களுக்கும் மேலே வல்லுநர் இருந்தனர். ஆகவே ஒருவன் எத்தனை வகுப்புப் படித்தான் என்பதோடு, அவனைத் திருத்துவதற்கு யார் இருக்கின்றார்கள் என்பதும் பெரிய கேள்வி. அந்த இரவில் நான் தவறியதற்கும் காரணம் அங்கேதான் இருக்கின்றது. மறு நாளே ஆசிரியையிடம் 'இப்படி ஒருவன் வந்தான், இப்படிப் பேசினேன்' என்று சொல்லியிருந்தால், 'நீர் அவனைப் பேச விட்டீரா?' என்று அவர் கேட்டிருப்பார். நானும் ஓடியிருப்பேன். சொல்லவில்லை, ஏனெனில் எல்லாம் சரியாகச் செய்துவிட்டதாக எண்ணியிருந்தேன்.

இரண்டாவது காரணம், அந்தத் தவறே. தவறு செய்தவன் விலகுவதுதான் நேர்மை என்று தோன்றிற்று. ஆனால் எண்ணிப் பார்த்தபோது, அந்த விலகலுக்குள் என் மானமும் ஒளிந்துகொண்டிருந்தது. இனி ஒருவரும் என்னைக் குறை சொல்ல முடியாத இடத்துக்குப் போய்விட வேண்டும் என்ற ஆசை அது. அந்த இளைஞனுக்கு அதனால் என்ன பயன்? அடுத்துத் தட்டப்போகும் இன்னொருவனுக்கு என்ன பயன்?

இலண்டன் மாநகரில் சாட் வாரா என்னும் பாதிரியார் ஒருவர் இருந்தார். 1935ஆம் ஆண்டு, இளம் வயதில், ஒரு சிறுமியின் இறுதிச் சடங்கை நடத்தினார். தன் உடலில் இயல்பாக நிகழ்ந்த மாற்றத்தைக் கொடிய நோய் என்று அஞ்சி உயிர்விட்டவள் அவள். கேட்பதற்கு அவளுக்கு ஒருவர்கூட இல்லை. அது அவர் நெஞ்சை விட்டு அகலவில்லை. 1953ஆம் ஆண்டு, உயிரை விட எண்ணுவோர் தொலைபேசியில் அழைக்கலாம் என்று அறிவித்தார். பலர் அழைத்தனர், பலர் நேரிலும் வந்தனர். வந்தோர் காத்திருக்கும் வேளையில் தேநீர் கொடுக்கச் சில தொண்டர்கள் முன்வந்தனர். நாளடைவில் அவர் ஒன்றைக் கண்டார். தேநீர் கொடுத்துப் பக்கத்தில் அமர்ந்தவர்களிடமே பலர் தம் துயரத்தைக் கொட்டிவிட்டு, அவரைப் பாராமலே மனம் தேறிச் சென்றனர்! அவர் அதற்காக வருந்தவில்லை. பணியையே அத்தொண்டர்களிடம் ஒப்படைத்தார். சமாரிட்டன்ஸ் என்னும் இயக்கம் அவ்வாறு வளர்ந்தது. அதே போன்ற தொண்டினை நம் சென்னையில் 1986 முதல் சிநேகா என்னும் அமைப்பு செய்துவருகின்றது. அதனை நிறுவியவர் மனநல மருத்துவர் இலட்சுமி விஜயகுமார் அவர்கள்.

அந்தத் தேநீர்த் தொண்டர்களின் இனத்தைச் சேர்ந்தவன்தான் என் தெருவில் இரவெல்லாம் விழித்திருந்த பிள்ளை. அவனுக்கு அது இயல்பாக வந்தது. எனக்கு இயல்பாக வருவது பேச்சு. ஆகவே பயிற்சி அவனைவிட எனக்கே மிகுதியாகத் தேவை என்ற முடிவுக்கு வந்தேன். வாய்மூடி இருப்பதற்கும் பயிற்சி வேண்டுமா என்று சிரிக்காதீர்கள். வள்ளுவப் பெருந்தகை கேள்வி என்றே ஓர் அதிகாரம் வகுத்துப் பத்துக் குறட்பாக்கள் பாடியிருக்கின்றார். எளிதில் வருவதாயின் பத்துப் பாடல் எதற்கு?

இப்போது அந்த 'ஆற்றுப்படுத்துதல்' என்ற சொல்லுக்கு வருகின்றேன். பத்துப்பாட்டில் ஐந்து நூல்கள் ஆற்றுப்படைகள். அவற்றுள் திருமுருகாற்றுப்படை முருகன் அருளை நாடச் சொல்வது. ஏனைய நான்கும் மன்னர்களிடம் வழிப்படுத்துவன. வள்ளலிடம் பரிசு பெற்று மீளும் கலைஞன் ஒருவன், வறுமையோடு எதிரே வரும் இன்னொரு கலைஞனைக் கண்டு, 'இன்ன வழியே செல். இன்னாரிடம் போ' என்று வழி சொல்வதே அவற்றின் அமைப்பு. ஆறு என்றால் வழி. அவ்வைந்தில் மலைபடுகடாம் நன்னன் என்னும் மன்னனைப் பாடுகின்றது. அவனுடைய ஊர் செங்கண்மா. நாம் கிருஷ்ணகிரி வழியே திருவண்ணாமலைக்குச் செல்லும்போது பேருந்தில் கடந்துபோகும் செங்கம்தான் அது. அந்நூலில் வழியில் உள்ள இடர்களும், தங்கும் இடங்களும், உணவு கிடைக்கும் ஊர்களும் விரிவாகச் சொல்லப்படுகின்றன.

இதில் நான் கண்ட உண்மை ஒன்று உண்டு. வழி சொல்பவன் வள்ளல் அல்லன். கொடுக்கும் பொருள் அவன் கையில் இல்லை. அவனும் நேற்றுவரை வறியவன். அவனிடம் இருப்பவை இரண்டே: எதிரே வருபவனின் வாட்டத்தைக் காணும் கண், தான் நடந்து அறிந்த வழி. நான் செய்த பிழை யாதெனில், வழி சொல்லவேண்டிய இடத்தில் வள்ளலாக நடிக்க முயன்றதுதான். அந்த இளைஞனின் நண்பனோ முகத்தின் வாட்டத்தைக் கண்டான், கேட்டான், மருத்துவமனைக்கு வழிநடத்தினான். சங்கப் புலவர் கண்டிருந்தால் அவனையன்றோ பாட்டில் வைத்திருப்பார்!

யாழ்ப்பாணத்திலும் போர்க்காலத்தில் இவ்வழியே பின்பற்றப்பட்டது. மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் அவர்களும் அவரோடு உழைத்தோரும், ஒரு சில மருத்துவர்களால் தாங்க முடியாத அத்துயரைத் தாங்க, ஊர் மட்டத்துப் பணியாளர்களையும் ஆசிரியர்களையும் பயிற்றுவித்தனர். வல்லுநர் குறைந்த இடத்தில் வழி அறிந்தோர் பெருகவேண்டும் என்பதே அதன் கருத்து.

மூன்றாவது காரணம், என் வீடு. இதுவே எனக்கு மிகக் கடினமாக இருந்தது. என் மகள் பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கின்றாள். ஞாயிறு ஒரு நாள்தான் நான் வீட்டில் இருக்கும் நாள். ஒரு மாலை வகுப்பு முடிந்து திரும்பியபோது என் மனைவி சொன்னார்: "ஊரார் சொல்வதையெல்லாம் கேட்கப் படிக்கப் போகின்றீர்கள். இந்த வீட்டில் நான் சொல்வதைக் கேட்டு எத்தனை நாளாயிற்று தெரியுமா?"

வழக்கமாக அதற்கு என்னிடம் பத்து விடைகள் இருக்கும். அன்று ஒன்றையும் சொல்லவில்லை. "சொல்லு, கேட்கின்றேன்" என்று எதிரில் அமர்ந்தேன். குறுக்கிடவில்லை, நியாயம் சொல்லவில்லை, கடிகாரத்தைப் பார்க்கவில்லை. அவர் சொல்லி முடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. பத்தொன்பது ஆண்டு மணவாழ்வில் முதன்முறையாகக் கேட்ட செய்திகள் அதில் இருந்தன. அவை என்ன என்பதை இம்மேடையில் சொல்ல மாட்டேன். அவை அவருடையவை. கடைசியில் அவரே சொன்னார்: "சரி, போய்ப் படியுங்கள். ஆனால் நான்கு மணிக்குமேல் ஞாயிறு எங்களுக்கு." அந்த ஒப்பந்தம் இன்றுவரை மீறப்படவில்லை. அவர் முன்வரிசையில்தான் அமர்ந்திருக்கின்றார். பொய் சொன்னால் எழுந்துவிடுவார்.

அன்பர்களே! மூன்று காரணங்களையும் இவ்வாறு எடைபோட்ட பின்னர், தொடர்வது என்றே முடிவு செய்திருக்கின்றேன். ஆயினும் மூன்று வரம்புகளை எனக்கு நானே விதித்துக்கொண்டேன். முதலாவது, வாயிலில் பலகை மாட்டுவதில்லை. எவரிடமும் ஒரு காசும் பெறுவதில்லை. பயிற்சி முடிந்தாலும் நான் குமாஸ்தாதான். இரண்டாவது, என் பேச்சைச் சரிபார்க்க ஒருவர் இருக்கும்வரைதான் இப்பணி. ஆசிரியையிடம் பெயரைச் சொல்லாமல் முறையை மட்டும் சொல்லித் திருத்தம் பெறாத வாரம் இருக்கலாகாது. மூன்றாவது, உறக்கமற்ற வாரங்கள், உயிரின்மேல் வெறுப்பு, இல்லாத குரல்கள் கேட்பது போன்றவற்றை ஒருவர் சொன்னால், என்னால் ஆவது அவரோடு மருத்துவரிடம் செல்வதே. உடன் செல்வேன், அவ்விடத்தில் நின்றுவிடுவேன். இம்மூன்றில் ஒன்றைக் காக்க முடியாத நாள் வருமானால், அன்றைக்கு நிறுத்துவதே அறம்.

இத்தகைய பயிற்சியில் சேர எண்ணும் இளைஞர்களுக்கும் தாய்மார்களுக்கும் ஒரு சொல். ஒரு வாரத்தில் சான்றிதழ் தருகின்றோம் என்று அழைப்போரிடம் ஏமாறாதீர்கள். சேருமுன் கேளுங்கள்: நேரில் பழகும் பயிற்சி உண்டா? தவறினால் திருத்துவோர் உண்டா? எங்கே நிறுத்தவேண்டும் என்று கற்பிக்கின்றார்களா? பாதியில் மனம் தளர்ந்தால் நிறுத்துவது இழிவன்று. ஆனால் எதற்காக நிறுத்துகின்றோம் என்பதைத் தெளிந்து நிறுத்துங்கள். களைப்பானால் ஓய்வெடுத்துத் தொடரலாம். சொந்தத் துயரம் பொங்கினால் முதலில் அதற்கு மருந்து தேடலாம். மானத்துக்காக மட்டும் நிறுத்த வேண்டாம்.

சங்கத்தாருக்கு ஒரே ஒரு விண்ணப்பம். 2022ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் நடுவண் அரசு டெலி மானஸ் என்னும் தொலைபேசிச் சேவையைத் தொடங்கிற்று. அதற்குத் தலைமை மையம் நம் நிம்ஹான்ஸ். எண் 14416. கட்டணம் இல்லை, இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். நம் பிள்ளைகள் எத்தனையோ பேர் ஊரை விட்டு வந்து, கன்னடமும் முழுமையாக வராமல், சொல்ல ஆளின்றி, இத்தொழிற்பேட்டையின் அறைகளில் கிடக்கின்றனர். அந்த எண்ணைத் தமிழில் பெரிதாக எழுதி நம் சங்கக் கட்டிடத்தின் வாயிலில் மாட்டவேண்டும். பலகை எழுதும் செலவை நான் ஏற்றுக்கொள்கின்றேன்.

ஆசிரியை கேட்ட கேள்விக்கு இப்பொழுது என்னிடம் விடை இருக்கின்றது. நான் நின்றாலும் கதவு தட்டப்படும். இன்னும் ஆறு திங்கள் வகுப்பு இருக்கின்றது. வருகின்ற ஞாயிறு காலை வண்டிக்கு நான் பொம்மசந்திரா நிலையத்தில் இருப்பேன்.

இவ்வளவு நேரம் பேசிவிட்டுக் கேட்பதன் பெருமையைச் சொன்ன முரண்பாட்டை மன்னியுங்கள். பொறுமையோடு கேட்ட நீங்களே இன்று சிறந்த பயிற்சி பெற்றவர்கள்.